கார்டு எடுப்பீங்களா? குமரி மாவட்டச் சிறுகடைகளுக்கு ஒரு வழிகாட்டி

கன்னியாகுமரிக் கடற்கரைத் தெருவில் கடை வைத்திருப்பவனிடம் நாள் முழுக்க இரண்டு கேள்விகள் வரும். ஒன்று, "குறைச்சுத் தர மாட்டீங்களா?" இன்னொன்று, "கார்டு எடுப்பீங்களா?" முதல் கேள்வியைச் சமாளிக்க நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டாவது கேள்விக்கு "ஜிபே இருக்கு சார்" என்று சொல்லியே நான் நாலு வருஷம் ஓட்டினேன். சிப்பித் திரைச்சீலையும் விளக்கும் சேர்த்து ஐயாயிரத்துச் சொச்சத்துக்கு எடுத்துவைத்த ஒரு குடும்பம், கிரெடிட் கார்டு இல்லை என்றதும் ரெண்டு சாவிக்கொத்தை மட்டும் வாங்கிக்கொண்டு போனது. மறுநாளே கார்டு தேய்க்கும் மிஷின் விசாரிக்கக் கிளம்பினேன். அவசரத்தில் எடுத்த அந்த முதல் மிஷினில் நான் தெரியாமல் கட்டிய பைசா, நீங்கள் கட்ட வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். ஆரல்வாய்மொழி முதல் களியக்காவிளை வரை எந்தச் சிறுகடைக்கும் இது பொருந்தும்.

முதலில், மிஷின் வேணுமா?

எல்லாருக்கும் வேண்டாம். தோவாளையில் விடியற்காலை பூ வாங்குகிறவர் யாரும் கிரெடிட் கார்டை நீட்டப்போவதில்லை. சாயக்கடைக்கும் வேண்டாம். அங்கெல்லாம் ஒரு க்யூஆர் அட்டையும், பைசா வந்ததைச் சத்தமாகச் சொல்லும் ஸ்பீக்கர் பெட்டியும் போதும்.

க்யூஆரிலேயே கிரெடிட் கார்டும் வரும் என்பது நம் ஆட்களில் பலருக்குத் தெரியாது. 2022 முதல் ரூபே கிரெடிட் கார்டை யுபிஐ ஆப்பில் இணைத்து ஸ்கேன் செய்து கட்ட முடிகிறது. ஆனால் அதற்கு உங்கள் க்யூஆர் வணிகர் க்யூஆராக இருக்க வேண்டும். சொந்த போன் நம்பரில் எடுத்த தனிநபர் க்யூஆரை ஒட்டியிருந்தால், வாடிக்கையாளர் ரூபே கிரெடிட்டில் கட்டப் பார்க்கும்போது போகாது. அவர் "உங்க க்யூஆர் சரியில்லை" என்பார், நீங்கள் "உங்க நெட்டு சரியில்லை" என்பீர்கள். அதனால் மிஷினைப் பற்றி யோசிக்கும் முன்பே தனிநபர் க்யூஆரை வணிகர் க்யூஆராக மாற்றுங்கள். அதே ஆப்பின் வணிகர் பிரிவில் பதிவு செய்தால் போதும்.

மிஷின் அவசியப்படுவது லாட்ஜ், ஹோம்ஸ்டே, ஜவுளிக்கடை, வடசேரிப் பக்கம் நகை செய்து விற்பவர்கள், பர்னிச்சர், கொஞ்சம் பெரிய ஓட்டல், சுற்றுலாக் கடை போன்றவற்றுக்கு. பில் பெரிதாகப் பெரிதாக கார்டு வெளியே வரும். நம் மாவட்டத்துக்கென்று இன்னொரு கூட்டமும் உண்டு: வளைகுடாவிலிருந்து லீவுக்கு வருகிறவர்கள். மார்த்தாண்டம், குளச்சல், தக்கலைக் கடைகளில் கிறிஸ்துமஸ் நேரத்திலும் கல்யாண சமயத்திலும் துபாய் வங்கிக் கார்டையும் கத்தார் வங்கிக் கார்டையும் நீட்டுவார்கள். ஆள் நம்ம ஊர்க்காரர்தான், ஆனால் கார்டு வெளிநாட்டுக் கார்டு. இதன் கணக்கே வேறு, கீழே வருகிறேன்.

முடிவெடுக்க ஒரு எளிய வழி இருக்கிறது. பத்து நாள் கல்லாப்பக்கம் ஒரு நோட்டு வையுங்கள். யாராவது கார்டு கேட்டால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் அவர்கள் வாங்க நினைத்த தொகையை எழுதுங்கள். சீசன் நாளும் சாதா நாளும் கலந்திருக்கட்டும். பத்து நாளில் மூணு கோடுதான் விழுந்தது என்றால் இந்தக் கட்டுரையை மூடிவைத்துவிட்டு வியாபாரத்தைப் பாருங்கள்.

நூறு ரூபாய் நூறாக வராது

கார்டில் ஒருவர் கட்டும்போது அவருக்குக் கார்டு கொடுத்த வங்கி, விசா, மாஸ்டர்கார்டு, ரூபே மாதிரியான நெட்வொர்க், உங்களுக்கு மிஷின் கொடுத்த வங்கி அல்லது கம்பெனி என்று மூன்று பேர் நடுவில் நிற்கிறார்கள். மூவருக்குமான கூலியை உங்கள் பைசாவிலிருந்து பிடித்துக்கொண்டு மிச்சத்தைத்தான் கணக்கில் போடுவார்கள். இந்தப் பிடித்தத்துக்குப் பெயர் எம்டிஆர். இதில் பெரிய பங்கு போவது கார்டு கொடுத்த வங்கிக்கு.

எல்லாக் கார்டுக்கும் ஒரே பிடித்தம் இல்லை. மிஷின் விற்க வருகிற பையன் ஒரே ஒரு எண்ணைச் சொல்வான். அதை மட்டும் கேட்டுக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

ரூபே டெபிட் கார்டுக்கும், வங்கிக் கணக்கிலிருந்து வரும் யுபிஐக்கும் 2020 ஜனவரி 1 முதல் பிடித்தம் கிடையாது. விசா, மாஸ்டர்கார்டு டெபிட் என்றால் ரிசர்வ் வங்கி 2018 ஜனவரி முதல் உச்சவரம்பு வைத்திருக்கிறது. ஆண்டு விற்பனை 20 லட்சம் வரை உள்ள கடைக்கு மிஷினில் 0.40 சதவீதம், ஒரு பில்லுக்கு அதிகபட்சம் 200 ரூபாய். அதற்கு மேற்பட்ட கடைக்கு 0.90 சதவீதம், அதிகபட்சம் 1,000 ரூபாய். 20 லட்சத்துக்குள் விற்கிற கடைக்கு 0.90 போட்டிருந்தால் கேளுங்கள். கேட்டால் மாற்றுவார்கள், கேட்காவிட்டால் யாரும் தானாக வந்து மாற்ற மாட்டார்கள்.

கிரெடிட் கார்டுக்கு இப்படி உச்சவரம்பு இல்லை. அது பேரம். சாதாரணமாக 1.5 முதல் 2.5 சதவீதத்துக்குள் பேசுவார்கள். கம்பெனிகள் கொடுக்கும் கார்ப்பரேட் கார்டு, பணக்காரர் வைத்திருக்கும் உயர்ரகக் கார்டு, அமெக்ஸ் என்கிற அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் கார்டு எல்லாம் இன்னும் மேலே. வெளிநாட்டுக் கார்டுக்கு 3 சதவீதத்தை ஒட்டியோ அதைத் தாண்டியோ போகும். யுபிஐ வழி வரும் ரூபே கிரெடிட்டில், சிறு வணிகராகப் பதிவானவர்களுக்கு 2,000 ரூபாய் வரை பிடித்தம் இல்லை. அதற்கு மேல் உண்டு.

பிடித்தத்தின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. பில் 2,000 ரூபாய்க்குள் என்றால் அந்த ஜிஎஸ்டி கிடையாது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் கிரெடிட் கார்டு விகிதம் 1.8 என்று வையுங்கள். 1,500 ரூபாய் பில்லில் 27 ரூபாய் போகும், அவ்வளவுதான். 6,000 ரூபாய் பில்லில் 108 ரூபாய், அதன் மேல் ஜிஎஸ்டி 19 ரூபாய் 44 பைசா. கணக்கில் வந்து விழுவது 5,872 ரூபாய் 56 பைசா. துபாய்க் கார்டில் 10,000 ரூபாய், விகிதம் 3 என்றால் 354 ரூபாய் போயிற்று. வழக்கமான முறையில் ஜிஎஸ்டி பதிவு வைத்திருப்பவர்கள் இந்த வரியைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் முறையில் இருப்பவர்களுக்கும் பதிவே இல்லாதவர்களுக்கும் அது செலவுதான்.

இந்தப் பிடித்தத்தை வாடிக்கையாளர் தலையில் வைத்து "கார்டுன்னா ரெண்டு பர்சன்ட் எக்ஸ்ட்ரா" என்று கேட்பதை நாகர்கோவில் முழுக்கப் பார்க்கலாம். டெபிட் கார்டில் அப்படி வாங்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. கிரெடிட் கார்டிலும் வாங்கக் கூடாது என்று நீங்கள் கையெழுத்திடும் ஒப்பந்தத்திலேயே பெரும்பாலும் இருக்கும். புகார் போனால் மிஷின் போகும். எங்கள் மாதிரிப் பேரம் பேசுகிற கடையில் இதற்கு ஒரு வழி உண்டு. கடைசி விலை சொல்லும் முன்னால் "எப்படிக் கட்டுறீங்க?" என்று கேட்டுவிடுங்கள். கார்டு என்றால் பேரத்தை ஒரு படி முன்னாலேயே நிறுத்தலாம்.

மிஷினுக்கான வாடகையையும் கணக்கில் சேருங்கள். மாதம் 400 ரூபாய் வாடகை என்று வையுங்கள், ஜிஎஸ்டி 72, மொத்தம் 472. உங்கள் லாபம் நூற்றுக்கு 25 என்றால், கார்டுப் பிடித்தம் போக 23 நிற்கும். 472 ரூபாயை எடுக்க மாதம் சுமார் 2,050 ரூபாய்க்குக் கூடுதல் வியாபாரம் வேண்டும். கூடுதல் என்ற சொல்லைக் கவனியுங்கள். இதுவரை ஜிபேயில் சும்மா கட்டிக்கொண்டிருந்தவர் ரிவார்டு பாயின்டுக்காக கார்டுக்கு மாறினால் அது கூடுதல் வியாபாரம் இல்லை, உங்களுக்கு நஷ்டம். என் கடையில் முதல் மாதம் நடந்தது அதுதான்: மிஷினில் நல்ல தொகை ஓடியது, ஆனால் மொத்த விற்பனை ஏறவில்லை. இப்போது மிஷின் மேஜைக்கு அடியில் இருக்கிறது. க்யூஆர் முன்னால் நிற்கிறது. கேட்டால் எடுப்பேன்.

காகிதங்கள்

பான், ஆதார், கடைப் பெயரில் நடப்புக் கணக்கு, ரத்து செய்த காசோலை, கடையின் உள்ளும் வெளியும் பெயர்ப்பலகை தெரிகிற போட்டோ. மாநகராட்சியோ நகராட்சியோ பேரூராட்சியோ கொடுத்த தொழில் உரிமம். ஜிஎஸ்டி இருந்தால் அந்தச் சான்று, சாப்பாட்டுக் கடை என்றால் உணவுப் பாதுகாப்புப் பதிவு. ஒற்றை ஆள் நடத்தும் கடைக்கு நடப்புக் கணக்கு தொடங்க, தொழில் நடக்கிறது என்பதற்கு வங்கி பொதுவாக இரண்டு சான்று கேட்கும். சிறு தொழில்களுக்கு மத்திய அரசு தரும் உத்யம் பதிவு அதில் ஒன்றாக உதவும். அது இணையத்தில் இலவசம். ஐந்நூறு, ஆயிரம் கொடுத்து யாரிடமும் எடுக்காதீர்கள்.

சேமிப்புக் கணக்கை மிஷினோடு இணைக்க வேண்டாம். வீட்டுச் செலவும் கடை வரவும் ஒரே பாஸ்புக்கில் கலந்தால், மார்ச் மாதம் ஆடிட்டர் முன்னால் நீங்கள்தான் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டும்.

விண்ணப்பத்தில் மூன்று இடங்களில் மட்டும் பேனாவை நிறுத்தி யோசியுங்கள். முதலாவது, வாடிக்கையாளரின் கார்டு பில்லில் எந்தப் பெயர் தெரிய வேண்டும் என்பது. உங்கள் சொந்தப் பெயரைப் போட்டால், ஊர் திரும்பியபின் அவர் ஸ்டேட்மென்ட்டில் முன்பின் தெரியாத ஒரு பெயரைப் பார்த்து "இது நான் கட்டியதில்லை" என்று வங்கியில் புகார் கொடுப்பார். பலகையில் இருக்கும் கடைப் பெயரே வரட்டும். இரண்டாவது, ஈமெயில். மிஷின் கொண்டுவரும் பையன் அவசரத்துக்குத் தன் ஈமெயிலையோ ஏதோ ஒன்றையோ போட்டுவிடுவான். புகார்க் கடிதம் வருவது அங்கேதான். நீங்கள் தினமும் பார்க்கும் முகவரியாக இருக்க வேண்டும். மூன்றாவது, தொழில் வகை. ஒவ்வொரு வகைக் கடைக்கும் நாலு இலக்க எண் ஒன்று உண்டு. ஓட்டலுக்கு 5812, தங்கும் விடுதிக்கு 7011, நகைக்கடைக்கு 5944, பரிசுப்பொருள் கடைக்கு 5947. வகை மாறிப் பதிவானால் பிடித்தமும் மாறலாம், சில கார்டுகள் போகாமலும் இருக்கலாம்.

யாரிடம் எடுப்பது

உங்கள் நடப்புக் கணக்கு இருக்கும் வங்கியிடம் எடுக்கலாம், அல்லது இதற்கென்றே இருக்கும் பேமென்ட் கம்பெனியிடம் எடுக்கலாம். வங்கியில் காகித வேலை மெதுவாக நகரும்; ஆனால் தகராறு வந்தால் நேரே போய் மேனேஜர் முன்னால் உட்காரலாம். கம்பெனிக்காரர்கள் சீக்கிரம் தருவார்கள். பிரச்சினை என்றால் போனில் "ஒன்றை அழுத்தவும்" கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். நான் இப்போது வங்கி மிஷின்தான் வைத்திருக்கிறேன். கம்பெனியிடம் எடுப்பதானால், அது ரிசர்வ் வங்கியின் அனுமதி பெற்றதா என்று ரிசர்வ் வங்கி இணையதளத்தில் இருக்கும் பட்டியலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மிஷினிலும் வகை உண்டு. சிம் போட்டுத் தனியாக ஓடி, காகித ரசீது அடிப்பது ஒன்று. போனோடு புளூடூத்தில் இணையும் சின்ன மிஷின் ஒன்று. வாடகை குறைவு, ரசீது எஸ்எம்எஸ்ஸில் போகும். மிஷினே இல்லாமல், என்எஃப்சி (தட்டினாலே கார்டைப் படிக்கும் வசதி) உள்ள ஆண்ட்ராய்டு போனையே மிஷினாக்கும் ஆப் ஒன்று. கார்டைப் போனின் முதுகில் தட்டினால் போதும். மார்த்தாண்டத்தில் வீட்டிலிருந்து தேன் விற்பவருக்கும், கண்காட்சிக்குக் கடை போடுகிறவருக்கும் இந்தக் கடைசி வகை நல்லது. கடற்கரைக் கடைக்கு முதல் வகைதான். ஐயப்ப சீசனில், கார்த்திகை பிறந்து தை வரை, கடற்கரையில் அவ்வளவு பேர் போனும் ஒரே டவரைப் பிடித்து இழுக்கும்போது ஒற்றை சிம் மிஷின் சுற்றிக்கொண்டே நிற்கும். இரண்டு சிம் போடுவதும் வைஃபை பிடிப்பதுமான மிஷினைக் கேட்டு வாங்குங்கள். உப்புக்காற்றில் சார்ஜ் முனையும் கார்டு செருகும் வாயும் சீக்கிரம் கெடும். ராத்திரி மூடும்போது ஒரு துணியில் சுற்றி வைத்தால் போதும்.

கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவற்றை நான் ஒரு துண்டுச்சீட்டில் எழுதி வைத்திருந்தேன். விகிதப் பட்டியல் கார்டு வகைவாரியாக எழுத்தில் வேண்டும். நிறுவும் கட்டணம் உண்டா? மாதம் இவ்வளவு ஓடாவிட்டால் அபராதம் உண்டா? பைசா மறுவேலை நாளில் வருமா, ஞாயிறும் விடுமுறையும் வந்தால் என்ன கணக்கு? பேப்பர் ரோல் யார் செலவு? மிஷின் உடைந்தால் எத்தனை நாளில் மாற்று வரும்? எத்தனை மாதம் கட்டாயம் வைத்திருக்க வேண்டும், முன்னாலேயே திருப்பினால் என்ன கேட்பார்கள்? சீசனுக்கு மட்டும் கடை திறக்கிறவர்களுக்கு மாத அபராதக் கேள்வி உயிர்க் கேள்வி. நான் அதைக் கேட்காமல் விட்டுத்தான், கூட்டமில்லாத மாதங்களில் மிஷினைப் பூட்டி வைத்துக்கொண்டு தண்டம் கட்டினேன்.

வெளிநாட்டுக் கார்டு எடுக்கும் வசதி பெரும்பாலும் தானாக வராது. தனியாகக் கேட்டு இயக்க வேண்டும். அமெக்ஸ், டைனர்ஸ் கார்டுகளும் அப்படித்தான்.

முதல் நாள்

மிஷின் வந்ததும் கொண்டுவந்தவனை அனுப்பிவிடாதீர்கள். அவன் இருக்கும்போதே மச்சானோ பக்கத்துக் கடைக்காரரோ ஒரு கார்டு தரட்டும். பத்து ரூபாய் போட்டுப் பாருங்கள், பிறகு அதை வாய்டு செய்யச் சொல்லிப் பாருங்கள். வாய்டு என்பது அன்றைய செட்டில்மென்டுக்கு, அதாவது அன்றைய கார்டு வரவைக் கணக்குமுடித்து வங்கிக்கு அனுப்புவதற்கு, முன் ரத்து செய்வது. செட்டில்மென்ட் ஆனபின் திருப்பிக் கொடுப்பது ரீஃபண்ட். இந்த இரண்டையும் நீங்களே ஒரு தடவை செய்து பார்க்காமல் விட்டால், கூட்ட நேரத்தில் கை நடுங்கும். ரசீதில் கடைப் பெயரும் ஊரும் சரியா என்று பாருங்கள். வாய்டு, ரீஃபண்ட் இரண்டுக்கும் பாஸ்வேர்டு இருக்கும். வந்தபோதிருந்த பாஸ்வேர்டை மாற்றி, நீங்கள் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கல்லாவில் நிற்கிறவருக்கு

வேலைக்கு நிற்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுப்பது இவ்வளவுதான். தொகையை அடித்ததும் மிஷினை வாடிக்கையாளர் பக்கம் திருப்பிக் காட்டு, வாயாலும் சொல்லு. கார்டை அவர் கண்ணுக்கு மறைவாகக் கொண்டுபோகாதே. பின் நம்பரை அவரே அழுத்தட்டும், அவர் சொன்னாலும் நீ அழுத்தாதே. 5,000 ரூபாய் வரை கார்டைத் தட்டினாலே பின் கேட்காமல் போய்விடும், அது மிஷின் கோளாறு இல்லை. சீட்டு வந்து அதில் அப்ரூவ்டு என்று பார்த்தபின்தான் பொருளைக் கட்டு.

தொகையைத் திருப்பிக் காட்டு என்பதற்கு ஒரு கதை உண்டு. 4,650 ரூபாய் பில்லுக்கு நானே 465 என்று அடித்துவிட்டேன். அவரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. ராத்திரி கணக்குப் பார்க்கும்போது அவர் ரயிலில் எங்கேயோ வடக்கே போய்க்கொண்டிருந்தார். போன் நம்பரும் வாங்கி வைக்கவில்லை. அந்த 4,185 ரூபாய் இன்றுவரை என் கடையின் தருமக் கணக்கில்தான் இருக்கிறது.

வெளிநாட்டுக் கார்டில் சில சமயம் பின் கேட்காமல் கையெழுத்துக்குச் சீட்டு வரும். கையெழுத்து வாங்கி, கார்டின் பின்பக்கக் கையெழுத்தோடு ஒப்பிட்டு, சீட்டைப் பத்திரமாக வையுங்கள். ரூபாயிலா திர்ஹாமிலா என்று மிஷின் கேட்டால் அந்த முடிவு அவருடையது, நீங்களாக அழுத்தாதீர்கள்.

லாட்ஜ் நடத்துகிறவர்கள் போனில் புக்கிங் வரும்போது "கார்டு போட்டோ வாட்ஸ்அப் பண்ணுங்க" என்று கேட்பதை இன்றோடு நிறுத்த வேண்டும். கார்டு நம்பரைக் கடைக்காரர் சேமித்து வைக்கக் கூடாது என்பது 2022 அக்டோபர் முதல் விதி. பின்னால் இருக்கும் மூன்று இலக்க எண்ணை எழுதி வைப்பது அதைவிட மோசம். அட்வான்ஸ் வேண்டுமானால் பேமென்ட் லிங்க் அனுப்புங்கள். ரத்து செய்தால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதும் அதே செய்தியில் எழுத்தாகப் போகட்டும்.

ராத்திரிக் கணக்கு

மிஷின் வாங்குவது ஒருநாள் வேலை. தினமும் ராத்திரி பத்து நிமிஷம் உட்கார்ந்து கணக்கு ஒப்பிடுவதுதான் தொழில். அதைச் செய்யாத கடையில் பைசா ஒழுகுவது தெரியாது.

கடையை மூடும் முன் மிஷினில் அன்றைய மொத்தத்தை அடித்து எடுங்கள். சில மிஷின்களில் செட்டில்மென்ட் தானாகப் போகும். சிலவற்றில் நாம் அழுத்த வேண்டும். என் முதல் மிஷின் இரண்டாவது வகை. யாரும் சொல்லவில்லை. புத்தாண்டுக் கூட்டத்தில் நாலு நாள் அழுத்தாமலே விட்டேன். ஐந்தாம் நாள் சரக்குக்காரருக்குக் கொடுக்கக் கணக்கைப் பார்த்தால் ஒன்றும் வந்திருக்கவில்லை. பைசா போய்விடவில்லைதான், அழுத்தியதும் மறுவேலை நாளில் வந்துவிட்டது. ஆனால் அந்த ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை.

நோட்டில் ஒரு நாளுக்கு ஒரு வரி போதும். தேதி, மிஷின் மொத்தம், அதில் கிரெடிட் எவ்வளவு, வங்கிக்கு வந்தது எவ்வளவு, வித்தியாசம். வித்தியாசம் எம்டிஆரோடும் அதன் ஜிஎஸ்டியோடும் ஒத்துப்போக வேண்டும். மாதக் கடைசியில் ஒரு தடவை, பேசிய விகிதத்தில்தான் பிடிக்கிறார்களா என்று நாலைந்து பில்லை எடுத்துக் கணக்கிட்டுப் பாருங்கள். ஜீரோ வர வேண்டிய ரூபே டெபிட்டில் ஏதாவது பிடித்திருந்தால் உடனே எழுத்தில் கேளுங்கள்.

விற்பனைக் கணக்கில் எழுத வேண்டியது முழுத் தொகை. 6,000 ரூபாய்க்கு விற்றுவிட்டு, வங்கிக்கு வந்த 5,872 ரூபாய் 56 பைசாவை விற்பனை என்று எழுதுவது தவறு. விற்பனை 6,000, பிடித்தம் செலவு. இரண்டு வரியாக எழுதுங்கள்.

கார்டுச் சீட்டின் அச்சு மங்கும். பெரிய பில்களின் சீட்டைப் போனில் படம் எடுத்து, கடை பில்லோடு சேர்த்து ஒன்றரை வருஷமாவது வைத்திருங்கள்.

பைசா போயிற்று, வரவில்லை

சீட்டு வரவில்லை, ஆனால் வாடிக்கையாளர் போனில் பைசா பிடித்த மெசேஜ் வந்துவிட்டது. சீசனில் வாரத்துக்கு ஒன்றாவது நடக்கும். அவர் மெசேஜைக் காட்டி "நான் கட்டிட்டேன்" என்பார். பொய் சொல்லவில்லை. ஆனாலும் உங்களுக்கு வரவில்லை. பொருளைக் கொடுக்கவும் கூடாது, கல்லாவிலிருந்து பைசா எடுத்து நீட்டவும் கூடாது. ரிசர்வ் வங்கி 2019-ல் வைத்த விதிப்படி, இப்படி நின்றுபோன தொகையை நடந்த நாளுக்குப் பின் ஐந்து நாளுக்குள் அவருடைய வங்கி தானாகத் திருப்ப வேண்டும். தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் அவருக்குத் தர வேண்டும். இதைப் பொறுமையாகச் சொன்னால் பெரும்பாலானவர்கள் வேறு வழியில் கட்டிவிட்டுப் போவார்கள். நான் இதை இந்தியில் எழுதிக் கல்லாவில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

இன்னொரு வகைத் தலைவலி சார்ஜ்பேக். மாதங்கள் கழித்து, "நான் வாங்கவில்லை" அல்லது "சொன்ன பொருள் இல்லை" என்று வாடிக்கையாளர் அவர் வங்கியில் புகார் செய்வார். உங்களுக்கு ஈமெயில் வரும்; குறிப்பிட்ட சில நாளுக்குள் பில், சீட்டு, கூரியர் ரசீது என்று கையில் உள்ளதை அனுப்ப வேண்டும். பதில் போகவில்லை என்றால் பைசா உங்கள் கணக்கிலிருந்து எடுக்கப்படும். ஈமெயில் விஷயத்தில் மேலே அவ்வளவு சொன்னது இதற்காகத்தான்.

வங்கி எழுத்துப் புகாருக்கு 30 நாளில் பதில் சொல்லாவிட்டால், சொன்ன பதில் திருப்தியில்லாவிட்டால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஆம்பட்ஸ்மனிடம் போகலாம். கட்டணம் இல்லை, 14448 என்ற எண்ணில் வழி சொல்வார்கள்.

ஏமாற்றுக்காரர்கள்

"கார்டைத் தேய்ச்சுக் காசா குடுங்க, நூத்துக்கு மூணு உங்களுக்கு" என்று யாராவது வருவார். தெரிந்தவராகவே இருப்பார், அவசரமாகவே இருக்கும். செய்யாதீர்கள். பொருள் விற்காமல் பில் போட்டதாகிறது. ஒப்பந்தம் ரத்தாகும், வந்த தொகை நிறுத்திவைக்கப்படும், நாளை அவர் அந்த பில்லையே மறுத்தால் மாட்டுவது நீங்கள். உங்கள் சொந்தக் கார்டை உங்கள் மிஷினில் தேய்த்துக் காசெடுப்பதும் இதே கணக்குதான்.

போனில் வருகிறவர்கள் வேறு ரகம். "ராணுவ அதிகாரி பேசுறேன், முப்பது பேருக்கு ரூம் வேணும்" என்று இந்தியில் ஆரம்பித்து, அடையாள அட்டைப் படம் அனுப்பி, கடைசியில் "பைசா அனுப்ப உங்க கார்டு நம்பர் குடுங்க" அல்லது "இந்த க்யூஆரை ஸ்கேன் பண்ணுங்க" என்று முடிப்பார்கள். நமக்குப் பைசா வர நாம் எதையும் ஸ்கேன் செய்ய வேண்டாம், பின் அழுத்த வேண்டாம். ஒரு தடவை என் தம்பி க்யூஆரைத் திறந்தே விட்டான், பின் கேட்டதும்தான் சுதாரித்தான்.

கடை திறந்ததும் உங்கள் க்யூஆர் அட்டை மேல் வேறு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதீர்கள், ஸ்பீக்கர் சொல்லட்டும். "மிஷின் அப்டேட் பண்ண வந்தோம்" என்று முன்பின் தெரியாத ஆள் வந்தால், வங்கிக்குப் போன் போட்டு உறுதி செய்யாமல் மிஷினைத் தொட விடாதீர்கள். பைசா போய்விட்டால் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு உடனே கூப்பிடுங்கள். தாமதிக்கத் தாமதிக்க, போன பைசாவை நிறுத்திவைக்கும் வாய்ப்பு குறையும்.

வரி பயம்

"கார்டு வச்சா இன்கம்டாக்ஸ்காரன் வருவான்" என்று கோட்டாறு மார்க்கெட்டில் இன்றும் சொல்வார்கள். ஜிஎஸ்டி வரம்பு பொருள் விற்பவருக்கு ஆண்டுக்கு 40 லட்சம், ஓட்டல், லாட்ஜ் மாதிரி சேவைக்கு 20 லட்சம். ரொக்கமும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. கார்டு வேண்டாம் என்று யுபிஐயோடு நிற்பதாலும் மறைந்துவிட முடியாது. 2025 ஜூலையில் கர்நாடகத்தில் யுபிஐ வரவைப் பார்த்துத்தான் சிறுகடைகளுக்கு நோட்டீஸ் போனது. இன்னொரு பக்கமும் உண்டு. உத்தேச வருமான முறையில் வரி கட்டுகிற சிறு வியாபாரிக்கு ரொக்க விற்பனையில் 8 சதவீதம் வருமானமாகக் கொள்ளப்படும். வங்கி வழி வந்த விற்பனைக்கு 6 சதவீதம்தான். உங்கள் ஆடிட்டரிடம் இதைக் கேளுங்கள்.

திருப்பிக் கொடுக்கும்போது

ஒருநாள் மிஷின் வேண்டாம் என்று தோன்றலாம். மூலையில் போட்டுவிட்டால் வாடகை ஓடிக்கொண்டேயிருக்கும். என் முதல் மிஷின் செத்துக் கிடந்த மூன்று மாதத்துக்கும் கணக்கிலிருந்து பிடித்தார்கள். கடைசி செட்டில்மென்ட் கணக்கில் விழுந்தபின் எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள், ஈமெயிலிலும் அனுப்புங்கள். மிஷின், சார்ஜர் இரண்டையும் ஒப்படைத்து, சீரியல் எண்ணோடு ரசீது வாங்குங்கள். அடுத்த இரண்டு மாதமும் ஸ்டேட்மென்ட்டில் வாடகை என்று ஏதாவது வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அந்த ரசீதை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போங்கள்.